குண்டூசி வரிசை

வெள்ளைத் துணியில் டீ கொட்டிவிட்டால் அன்றைக்கே கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள். மற்ற அழுக்கோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமை கொடுக்கலாம் என்று மூலையில் சுருட்டி வைக்காதீர்கள். கறை காய்ந்துவிட்டால் பிறகு எந்தச் சோப்புக்கும் அசையாது.

எட்டு வருஷமாக நான் ஒரு சலவைக்கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறேன். வருகிற துணியைப் பிரித்து, எண் எழுதிய சீட்டைக் காலருக்குள் குண்டூசியால் குத்தி, எது முதலில் தண்ணீருக்குப் போக வேண்டும் என்று வரிசை வைப்பது என் வேலை. முன்னறையில் யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் துணியை முதலில் எடுக்கச் சொல்வார் கடைக்காரர். நான் தலையை ஆட்டிவிட்டுக் கறை பட்டதைத்தான் முதலில் எடுப்பேன். கறை சத்தம் போடாது. நானும் போட மாட்டேன். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகும்.

பலகையில் குண்டூசி என்ற பெயரில் இருப்பது நான்தான்.

பலகை என்பது நம் குடியிருப்புக்காரர்கள் போனில் பார்க்கிற கேள்வி பதில் தளம். புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பம்ப் ஹவுஸில் வேலை பார்க்கும் ஒருவர் ஓய்வு நேரத்தில் உண்டாக்கியது. அவரைப் பலகைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். குழாய் ஒழுகினால், நாய் கடித்தால், பிள்ளைக்குக் கணக்கு ஏறவில்லை என்றால் அதில் கேட்கலாம். தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே வரிசைதான். அதிக ஓட்டு வாங்கிய கேள்வி மேலே இருக்கும். அதனால் எப்போது திறந்தாலும் மாடிவீட்டுக்காரர் மாமியாரைப் பற்றிக் கேட்ட கேள்விதான் கண்ணில் படும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை எங்கேயோ அடியில் கிடக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பலகைக்காரர் ஒரு வசதி செய்தார். "இனிமே உங்க வரிசை உங்க கையில" என்று எழுதினார். புதியது, பதில் வராதது, ஓட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கோட்டின் நடுவில் ஒரு பொட்டு. பொட்டை வலப்பக்கம் தள்ளினால் அந்த வகைக் கேள்வி உங்கள் திரையில் மேலே வரும். இடப்பக்கம் தள்ளினால் கீழே போகும். கேள்வி கேட்கும் ஆளுக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. பிடித்தவர்களை ஏற்றிக்கொள்ளலாம், பிடிக்காதவர்களை இறக்கிவிடலாம்.

பாதிப் பேருக்கு இது தலைசுற்றியது. அதனால் அவர் இரவல் என்று ஒரு பொத்தானும் வைத்தார். அடுத்தவர் வைத்திருக்கும் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் பொட்டை நகர்த்தினால் எடுத்தவர்களுக்கும் சேர்ந்தே நகரும். ஒன்றை மட்டும் அவர் மறைத்து வைத்தார். யாரை யார் கீழே தள்ளியிருக்கிறார் என்பது இரவல் வாங்கியவருக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வரக் கூடாது என்று பெருந்தன்மையாகச் செய்தது அது. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

நான் சலவைக்கடை வரிசையையே பலகைக்கும் வைத்தேன். ஓட்டை இடக்கோடி வரைக்கும் தள்ளினேன், பதில் வராததை வலக்கோடிக்கு இழுத்தேன், அதற்கு அடுத்தபடி புதியது. பத்துப் பேர் வாய் போட்ட கேள்விக்குப் பதினோராவது வாய் எதற்கு? ஒருவரும் தொடாததுதானே முதலில் தண்ணீருக்குப் போக வேண்டும். ஒரு மாதத்தில் நாற்பது பேர் அதை இரவல் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் அறுநூறைத் தாண்டியது. குடியிருப்பில் மீதி இருந்த முந்நூறு பேரில் பலர் பலகையைத் திறப்பதே இல்லை. திறப்பவர்களும் பழையபடி ஓட்டு வரிசையில்தான் பார்த்தார்கள்.

பெரிய சிஸ்டரும் என் வரிசையைத்தான் வைத்திருந்தார். முப்பது வருஷம் பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "குண்டூசி வரிசையில பாத்தாதான் எது அவசரம், எது ஊர்வம்புன்னு தெரியுது" என்று பலகையில் எழுதினார். அதைப் படித்த அன்று நான் சட்டைகளுக்குச் சீட்டுக் குத்தும்போது விரலில் இரண்டு தடவை குத்திக்கொண்டேன். யாராவது என்னைப் பற்றி நல்லதாக எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அண்ணனும் நானும்தான். அண்ணனுக்கு வேலை தூரத்தில். பாலம் கட்டுகிற இடத்தில். நாலு மாதத்துக்கு ஒரு தடவை வருவான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் கல்யாணம் ஆகி அண்ணி வந்தார். வந்த முதல் வாரத்திலேயே பால்காரருக்கு எத்தனை பிள்ளைகள், எதிர்வீட்டுக்காரருக்கு என்ன ஆபரேஷன் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு எட்டு வருஷத்தில் தெரியாதது. சாப்பிடும்போது என்னிடமும் ஓயாமல் பேசுவார். நான் உம் கொட்டுவேன். "வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று கேலி செய்வார். கோபம் இருக்காது. இரண்டாவது தோசையை என் தட்டில்தான் போடுவார்.

மூன்றாவது மாதம் அண்ணி பலகையில் சேர்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியை எழுத்துக்கு எழுத்து இப்போதும் என்னால் சொல்ல முடியும். "எங்க வீட்ல ஒரு நாத்தனார் இருக்கா. தங்கமான பொண்ணு. ஆனா வாயே திறக்க மாட்டேங்கிறா. அவளைப் பேச வைக்க என்ன பண்ணலாம்?"

நாற்பத்து மூன்று பதில்கள் வந்தன. கல்யாணம் பண்ணி வையுங்க, தானா வாய் திறக்கும் என்றார் ஒருவர். எங்க வீட்டுக்காரியை ஒரு வாரம் அனுப்புறேன், மாத்திக்கலாம் என்றார் இன்னொருவர். சலவைக்கடை பின்னாடி இருக்கிற பொண்ணுதானே, நானும் பாத்திருக்கேன், துணியைத் தலையில போட்டாக்கூடச் சத்தம் வராது என்று எழுதியவரின் போர்வைக்கு மறுநாள் காலையில் நான்தான் சீட்டுக் குத்தினேன். காது கேட்குமா என்று ஒருவர் அக்கறையாக விசாரித்திருந்தார். மந்திரிக்கச் சொன்னவர்களும் உண்டு.

அண்ணி என்மேல் உள்ள பிரியத்தில்தான் கேட்டார். அன்றைக்கே எனக்கு அது தெரியும். ஆனால் புதிய கேள்வி என்பதால் மூன்று நாள் அது எல்லோர் திரையிலும் நின்றது. மூன்று நாளும் கடைக்கு வந்தவர்கள் முன்னறையிலிருந்து கழுத்தை நீட்டிப் பின்னறையைப் பார்த்தார்கள். நான் துணிக் குவியலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வேலை செய்தேன்.

நான்காம் நாள் காலை டீ நேரத்தில் அண்ணியின் பெயருக்கு நேரே இருந்த பொட்டை இடக்கோடிக்குத் தள்ளினேன். அரை அங்குலம் இருக்கும். நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும், பிறகு நடுவில் கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அண்ணி கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். காலையில் நடக்கத் துணைக்கு யாராவது வருவீர்களா. தையல் மிஷின் ஓட்டக் கற்றுத் தருவீர்களா. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அறுநூறு பேர் திரையில் அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தன. முதல் ஓட்டுப் போட அந்த அறுநூறு பேரை விட்டால் ஆள் இல்லை. ஓட்டு விழாததால் மற்றவர்கள் திரையிலும் அவை எழும்பவில்லை.

"கிணத்துல கல்லு போட்ட மாதிரி இருக்கு பாப்பா" என்றார் அண்ணி. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "கல்லு போட்டாலாவது ஒரு சத்தம் வரும். அன்னிக்கு நாப்பது பேர் வந்தாங்களே, இப்ப எல்லாரும் எங்க போனாங்க? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"அதெல்லாம் இல்ல அண்ணி. இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றேன்.

நான் அவரிடம் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு வாரம் ஒரு மாதமாகி, மாதங்களும் ஆயின. அண்ணி வாசலில் நின்று பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பால்காரரிடம் பாத்திரத்தை நீட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார். சாயங்காலம் நான் வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். வீட்டில் சத்தம் குறைந்ததும் எனக்குப் பேச்சு வந்தது. கடையில் நடந்ததை, யார் சட்டைப் பையில் என்ன இருந்தது என்பதை நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கேட்ட கேள்விக்கு நாற்பத்து மூன்று பேரும் சொல்லாத பதில் அதுதான். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

இரக்கப்பட்டு, குண்டூசி என்ற பெயரில் அவருடைய சில கேள்விகளுக்கு நானே பதில் எழுத ஆரம்பித்தேன். எல்லாவற்றுக்கும் எழுதினால் சந்தேகம் வரும் என்று பதினேழை அப்படியே விட்டேன். அண்ணி என்னிடம் வந்து குண்டூசியைப் பற்றிச் சொல்வார். "அவங்க ஒருத்தர்தான் எனக்குப் பதில் சொல்றாங்க. நல்லாப் படிச்சவங்களா இருக்கணும். எவ்வளவு பொறுமை." குண்டூசிக்கு ஒரு தடவை அவர் இப்படி எழுதினார்: "எங்க நாத்தனார் இப்பல்லாம் நல்லாப் பேசுறா. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவளுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னுதான் தெரியல."

பிடிக்கும் என்று குண்டூசி பதில் போட்டது.

பிறகு அண்ணி உண்டானார். எட்டாம் மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்து இருபதுக்குப் பலகையில் கேட்டார். நான் டீ நேரத்தில் பார்த்தேன். "எட்டாம் மாசம். ரெண்டு நாளா தலைவலி. கையெல்லாம் வீங்கி மோதிரம் கழட்ட முடியல. கண்ணு முன்னாடி என்னவோ மின்னுது. இது எல்லாருக்கும் வர்றதுதானா? போன தடவை சின்ன விஷயத்துக்கு ஓடிப்போனேன்னு ஆஸ்பத்திரியில திட்டினாங்க. அதான் கேக்குறேன். யாராவது சொல்லுங்க."

பெரிய சிஸ்டர் அப்போது பலகையில் இருந்தார். பத்து முப்பத்தொன்றுக்குப் பூனை கீறியதைப் பற்றி ஒருவருக்குப் பதில் எழுதினார். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. நான் பொட்டை நடுவுக்குக் கொண்டு வந்திருந்தால் அடுத்த நிமிஷம் அண்ணியின் கேள்வி அவர் திரையில் முதலாவதாக வந்து நின்றிருக்கும். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வருகிறவர் அவர்.

ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். யோசித்துத்தான் செய்யாமல் விட்டேன். என் வரிசையில் பதில் வராததுதான் முதலில் வரும். பொட்டு நடுவுக்கு வந்தால் அந்த ஒரு கேள்வி மட்டும் மேலே வராது. நான் விட்டுவைத்த பதினேழும் சேர்ந்து, அறுநூறு பேர் திரையில் ஒரே நேரத்தில் மேலே வந்து நிற்கும். ஒரு வருஷத்துக் கேள்விகள், அத்தனையும் ஒரே ஆள் கேட்டவை. இவ்வளவு நாள் இவை எங்கே இருந்தன என்று யாராவது கேட்பார்கள். பலகைக்காரர் உள்ளே போய்ப் பார்ப்பார். மூன்று நாள் பின்னறையை எட்டிப் பார்த்தவர்கள் இனி எப்போதும் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு உயிருக்கு எதிர்த்தட்டில் நான் வைத்தது அந்த வெட்கத்தைத்தான்.

வீட்டுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். பத்து நிமிஷ நடைதான். ஆனால் அண்ணி கேட்டது நாத்தனாரை அல்ல, பலகையை. நான் பலகை பார்ப்பதே அவருக்குத் தெரியாது. நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

அதனால் குண்டூசியாக எழுதினேன். "இந்த மாதத்தில் எல்லோருக்கும் வருவதுதான். உப்பைக் குறைத்துக்கொண்டு இடதுபக்கமாகப் படுத்திருங்கள். நாளைக்கும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்."

நீங்க சொன்னா சரி என்று அண்ணி பதில் போட்டார். அதற்குப் பிறகு நான் பன்னிரண்டு போர்வைகளுக்குச் சீட்டுக் குத்தினேன்.

விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். இவ்வளவு சொன்ன பிறகு அதை மட்டும் மறைப்பது அழகல்ல. அந்தப் புதன்கிழமைக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் பின்தெருவில் ஒரு பெண் இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். அது என் வரிசையில் உடனே மேலே வந்தது. பெரிய சிஸ்டர் நாலு நிமிஷத்தில் பதில் போட்டார்: "தலைவலி, வீக்கம், கண்ணில் மின்னல், மூணும் சேர்ந்து வந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நானும் வர்றேன்." அந்தப் பெண்ணும் குழந்தையும் பிழைத்தார்கள். சிஸ்டரின் பதிலுக்கு முதல் ஓட்டுப் போட்டது நான்.

நாலு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் கடைக்குப் போன் செய்தார். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அண்ணி சமையலறைத் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தாராம். ஆஸ்பத்திரியில் அண்ணியைக் காப்பாற்றினார்கள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. அண்ணிக்குக் கண் பார்வை பாதிதான் திரும்பியது. ஆள் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே குண்டூசியின் பதிலையும், அண்ணியின் போனை எடுத்து அவர் அதற்குக் கீழே போட்ட வரியையும் அழித்தேன். கேள்வியை அழிக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பெரிய சிஸ்டர் வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு தெரு தள்ளித்தானேம்மா இருக்கேன். பலகையில ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டேன் சிஸ்டர்" என்றார் அண்ணி. "போட்டது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல."

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனார். டியூஷன், குழாய், பூனை எல்லாம் தாண்டிக் கீழே, இன்னும் கீழே. கடைசியில் விரல் நின்றது. நான் தண்ணீர் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"என் கண்ணுல படாமப் போயிருக்கு" என்றார். "பூனைக்குப் பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன். எனக்கு வயசாயிடுச்சும்மா. என்னை மன்னிச்சிடு."

நான் ஜாடியிலிருந்து அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்தார். அன்றிலிருந்து அவர் பலகையில் ஒருவருக்கும் பதில் எழுதுவதில்லை. ஏன் என்று நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

அண்ணியின் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பலகையை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். வீட்டுக்கு வந்த வாரத்திலேயே அவர் பெயரில் இருந்த பதினேழையும் அந்தப் புதன்கிழமைக் கேள்வியையும் அழித்தேன். பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? பிறகு அவர் பெயருக்கு நேரே இருந்த பொட்டைப் பத்திரமாக நடுவில் கொண்டு வந்து வைத்தேன். இப்போது அவர் எதைக் கேட்டாலும் எல்லோருக்கும் தெரியும். அவர்தான் எதுவும் கேட்பதில்லை.

ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார். "குண்டூசிகிட்டேருந்து ஏதாவது வந்திருக்கா பாப்பா?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருக்காங்க அண்ணி."

"நல்லா இருக்கேன்னு எழுது. என் நாத்தனார் என்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறான்னு எழுது."

அவர் போனில் நான் எழுதினேன். பிறகு சமையலறைக்குப் போய் என் போனில் அதைப் படித்தேன்.

அன்று சாயங்காலமே இதையும் எழுதத் தொடங்கினேன். அண்ணனிடம் சொல்லலாம், அண்ணியிடம் சொல்லலாம், இரண்டு தெரு நடந்து போய்ச் சிஸ்டரின் கதவைத் தட்டலாம். ஆனால் தவறு பலகையில் நடந்தது, பலகையில் சொல்வதுதான் முறை என்று பட்டது. இங்கே எதைப் போட்டாலும் கேள்வியாகத்தான் போட வேண்டும் என்பது விதி. அதனால் "நான் செய்ததற்கு எனக்கு என்ன தண்டனை?" என்று மேலே போட்டிருக்கிறேன். ஒரு வரியைக்கூட மறைக்கவில்லை.

தண்டனையை மற்றவர்கள் தரும்வரை காத்திருக்காமல் ஒன்றை நானே கொடுத்துக்கொண்டேன். அண்ணியை எங்கே வைத்திருந்தேனோ அங்கேயே என்னையும் வைப்பதுதான் நியாயம். குண்டூசி என்ற பெயருக்கு நேரே இருந்த பொட்டை இடக்கோடி வரைக்கும் தள்ளினேன். அதே அரை அங்குலம்.

இந்தக் கடைசி வரிகளைப் பதினோராம் நாள் சேர்க்கிறேன். தினமும் காலையில் டீ நேரத்தில் திறந்து பார்க்கிறேன். இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. யாருக்கும் இது அவ்வளவு பெரிய குற்றமாகப் படவில்லை போலிருக்கிறது.